பூத்தண்ணிப் புராணம்

பொறாமைக்கு ஒரு புட்டி. மனக்கசப்புக்கு ஒரு புட்டி. பழசையே நெனைச்சு உருகுறதுக்கு ஒண்ணு. தன்னைப் பத்தியே பேசி அடுத்தவன் காதை அறுக்குறவனுக்கு ஒண்ணு. திங்கக்கெழமை காலையில வேலைக்குப் போக அலுப்பா இருந்தா அதுக்கும் ஹார்ன்பீம்னு ஒண்ணு. மொத்தம் 38. ஏ பேராண்டி, இம்புட்டுக் கொணமும் எனக்கு ஒரே நாள்ல வருமேடா! காலையில ஒங்க அப்பத்தா காப்பி தர நேரமாச்சுன்னா கோவம். மத்தியானம் பக்கத்துப் புஞ்சைக்காரன் பருத்தியப் பாத்தாப் பொறாமை. ராத்திரி கரண்டு போனாப் பயம். பொழுதுக்கும் புட்டியத் தெறந்து மூடிக்கிட்டே கெடந்தா நான் களை எப்ப எடுக்குறது?

பயத்துக்கு மட்டும் அஞ்சு வச்சிருக்கானாமே அந்தச் சீமை டாக்டரு. காரணம் தெரிஞ்ச பயத்துக்கு மிமுலஸ். காரணம் தெரியாத பயத்துக்கு ஆஸ்பென். அடுத்தவங்களுக்கு என்னமும் ஆயிருமோன்னு பயந்தா ரெட் செஸ்ட்நட். சரி, ஒரு சந்தேகம் கேக்கேன். ராத்திரி கம்மாய்க்கரையில வாரப்ப இருட்டுல நாய் கொலைக்குது. அது தெரிஞ்ச பயமா, தெரியாத பயமா? நாய் யாரு வீட்டு நாய்னு தெரிஞ்சா மிமுலஸ், தெரியாட்டி ஆஸ்பென்னா? நீ புட்டியப் பிரிச்சுப் பாத்து முடிக்கங்காட்டியும் நாய் கெண்டைக்காலப் பிரிச்சுரும்.

சிரிக்காத. நீ சொன்னதை அம்புட்டையும் காது குடுத்துக் கேட்டவன் நான். செய்ற பக்குவத்தையும் நீதான் சொன்ன. மேகம் இல்லாத நல்ல வெயில் நாளாப் பாத்து, கண்ணாடிக் கிண்ணத்துல ஊத்துத் தண்ணிய ஊத்தணும். அது மேல பூவை மெதக்க விட்டு மூணு மணி நேரம் வெயில்ல வைக்கணும். மரத்துப் பூ, கெளைக் குச்சின்னா அரை மணி நேரம் கொதிக்க வைக்கணும். பெறவு பூவை எடுத்து வீசிட்டு, அந்தத் தண்ணிக்குச் சரிபாதி பிராந்தி ஊத்தணும். அது தாய்ச் சரக்கு. அதுல ரெண்டே ரெண்டு சொட்டு எடுத்து 30 மில்லி பிராந்தியில விட்டா, அது கடைப் புட்டி. கடைப் புட்டியில ரெண்டு சொட்டு எடுத்து 30 மில்லி தண்ணியில விட்டா, அது நீ குடிக்கிற மருந்து. அதுலயும் நாலு நாலு சொட்டா, நாளைக்கு நாலு தரம்.

நான் அஞ்சாம் கிளாஸ்தான். ஆனா கணக்கு வரும். மில்லிக்குச் சுமாரா 20 சொட்டுன்னு வையி. 30 மில்லிக்கு 600 சொட்டு. 600-ல ரெண்டு சொட்டுன்னா, 300-ல ஒரு பங்கு. அதை மறுக்கா 300-ல ஒரு பங்கா ஆக்குற. 300-ஐ 300-ஆல பெருக்கு. 90,000. மொதல்லயே பாதி பிராந்தி ஊத்திட்டான், அதையும் சேத்துக்கோ. 1,80,000-த்துல ஒரு பங்கு. அந்த ஒரு பங்கும் பூ இல்லடா, பூவைக் குளிப்பாட்டுன தண்ணி! எங்க ஊரு பால்காரனுக்கு இந்தக் கணக்குத் தெரிஞ்சிருந்தா ஒத்த மாட்டை வச்சு ஒரு மாவட்டத்துக்கே பால் ஊத்தியிருப்பான்.

தண்ணிய விடு. பிராந்திக்கு வருவோம். அடுத்தவங்களை அடக்கி ஆளுற ஆளுக்கு 'வைன்'னு ஒரு புட்டி இருக்குன்ன. அது என்ன பூன்னு கேட்டேன். திராட்சைப் பூன்ன. பிராந்தி எதுல எடுக்கான்? அதுவும் திராட்சை. அப்ப 38 புட்டியிலயும் திராட்சை இருக்கே, எந்தப் புட்டியக் குடிச்சாலும் அதிகாரம் அடங்கிறணும்ல? இன்னொண்ணு, சிக்கரி. பிள்ளைகளை விடாமப் பிடிச்சு வச்சுக்கிட்டு, 'எனக்கு யாரு இருக்கா'ன்னு மூக்கைச் சிந்துற பாசத்துக்கு அது மருந்தாம். நம்ம நாட்டுல எத்தனை மாமியா காலம்பூரா சிக்கரி கலந்த காப்பி குடிச்சிருக்கா! எவளாவது மகனை விட்டுக் குடுத்திருக்காளா? வேரு வேற, பூ வேறங்கிற. சரிப்பா, ஒத்துக்கிடுதேன். பெறவு ராக் வாட்டர்னு ஒண்ணு. அது என்ன பூன்னா, பூவே இல்லையாம். பாறை ஊத்துத் தண்ணியாம். பூ மருந்துப் பெட்டிக்குள்ள பூ இல்லாத ஒரு புட்டி! தன்னைத் தானே கறாரா நடத்துற ஆளுக்கு அது. அந்த ஆளு மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி, 'வெறுந்தண்ணிக்கு எதுக்குய்யா துட்டு?'

நம்ம பக்கத்துல அந்தச் சொட்டை சீனி உருண்டையில விட்டு ஓமியோபதி டப்பாவுல அடைச்சுக் குடுக்கான். மலர் மருத்துவம்னு தமிழ்ல புஸ்தகம், வகுப்பு எல்லாம் நடக்கு. பிராந்தி குடிக்கக் கூடாதுன்னு விரதம் இருக்கிறவனும் சீனி உருண்டைய நாக்குக்கு அடியில வச்சுக்கிடுதான். அவன் சாமிக்கும் தெரியாது, அவன் பொண்டாட்டிக்கும் தெரியாது.

எனக்கு இதுல ஒரு வயித்தெரிச்சல். சின்னப்பிள்ளையில நீ ராத்திரி அலறிக்கிட்டு எந்திரிப்ப. ஒங்க அப்பத்தா ஒன்னைத் தூக்கிக்கிட்டு அம்மன் கோயில் பூசாரிகிட்டப் போவா. அவரு சொம்புத் தண்ணிய மந்திரிச்சு மூஞ்சியில சளார்னு அடிப்பாரு. வேப்பிலையால ரெண்டு வீசு. செல நாளு பொழுது சாயப் பள்ளிவாசல் வாசல்ல போயி நிப்பா. தொழுதுட்டு வெளிய வர்றவுக ஓதி ஊதிவிடுவாக. துட்டு உண்டா? பூசாரிக்கு ஒரு வெத்தலை பாக்கு, பள்ளிவாசல்ல அதுவும் இல்ல. பெறவு நீ காலேசு படிச்ச. லீவுக்கு வந்து, 'அப்பத்தா, இதெல்லாம் மூடநம்பிக்கை'ன்னு வகுப்பு எடுத்த. அவளும் வாயப் பொத்திக்கிட்டுக் கேட்டா. இப்ப அதே பய, சீமையில இருந்து வந்த மந்திரிச்ச தண்ணிய, பிராந்தியும் சேத்து, ரசீது போட்டு வாங்கிட்டு வந்திருக்கான். பூசாரி செஞ்ச தப்பு என்னடா? சொம்புல லேபிள் ஒட்டாததா?

அந்த டாக்டரை நான் கொறை சொல்ல மாட்டேன். எட்வர்டு பாஹ். 1886-ல பிறந்தவரு, பர்மிங்காம் பக்கம். லண்டன்ல பெரிய ஆஸ்பத்திரியில படிச்ச நெசமான டாக்டரு. கிருமி ஆராய்ச்சி செஞ்சவரு. 1917-ல அவருக்கே கட்டி வந்து, அறுத்து எடுத்துட்டு, மூணு மாசம் தாங்குனாப் பெருசுன்னு சொல்லியிருக்காக. மனுசன் மேக்கொண்டு 19 வருசம் இருந்து பாத்துட்டாரு. 1930-ல நல்லா ஓடிக்கிட்டிருந்த லண்டன் வைத்தியத்தை இழுத்து மூடிட்டு, வேல்ஸ் காடு மேடெல்லாம் அலைஞ்சு, குரோமர்னு ஒரு கடக்கரை ஊர்ல தங்கி, கடைசியில 1934-ல பிரைட்வெல் பக்கம் ஒரு சின்ன வீட்டுல குடி போனாரு. பூவு மேல நிக்கிற பனித்துளியில வெயில் பட்டா அந்தப் பூவோட கொணம் தண்ணியில எறங்கும்னு அவரு நம்புனாரு. அப்படித்தான் கிண்ணமும் வெயிலும் வந்துச்சு.

கிறுக்குன்னு சொல்லிறாத. வந்தவனைப் பாத்து, 'ஒனக்கு எங்க வலிக்கு'ன்னு மட்டும் கேக்காம, 'ஒனக்கு என்னய்யா கவலை'ன்னு கேட்ட மனுசன். கடைசிக் காலத்துல வைத்தியத்துக்குக் காசு வாங்கல. பக்குவத்தையும் ஒளிச்சு வைக்கல. எப்படிச் செய்யணும்னு புஸ்தகத்துல போட்டு, யாரு வேணா வீட்டுல செஞ்சுக்கோங்கன்னு சொல்லிட்டாரு. 38 போதும், கணக்கு முடிஞ்சதுன்னும் சொல்லிட்டு 1936-ல, அம்பது வயசுல, போய்ச் சேந்துட்டாரு.

போதும்னு அவரு சொன்னா நம்ம சனம் கேக்குமா? 1979-ல கலிபோர்னியாவுல ஒரு சங்கம் வச்சு, அந்த ஊரு பூவை எல்லாம் கிண்ணத்துல போட்டாக. ஆஸ்திரேலியாவுல இயான் ஒயிட்டுன்னு ஒருத்தரு அந்த ஊரு காட்டுப் பூவுல தனிப் பெட்டி போட்டாரு. ஆளாளுக்கு ஒரு பெட்டி. இப்ப கல்லை ஊற வச்ச தண்ணி, நெலா வெளிச்சத்துல வச்ச தண்ணின்னு போயிக்கிட்டிருக்கு. மனுசனுக்குக் கொணம் அம்புட்டுத்தான், புட்டி மட்டும் பெருகுது.

நீ பையில எந்நேரமும் வச்சிருக்கியே, 'ரெஸ்க்யூ ரெமடி', அஞ்சு பூவு கலந்தது, அதுக்கு ஒரு கதை சொல்லுவாக. 1933 டிசம்பர்ல குரோமர் கரையில பெரிய புயக்காத்து. 'சிபாய்'னு ஒரு சரக்குத் தோணி கரைதட்டிருச்சு. ரெண்டே ஆளு. மணிக்கணக்கா அலையில நனைஞ்சுக்கிட்டுப் பாய்மரத்துல தொங்கிக்கிட்டு இருந்திருக்காக. அவுகளக் கரைக்குக் கொண்டாந்தப்ப, நொரை தள்ளி நெனவு தப்பிக் கெடந்த ஒருத்தன் ஒதட்டுல பாஹ் தன் சொட்டைத் தடவுனாரு, அவன் எந்திரிச்சு உக்காந்தான், இதுதான் கதை. நல்ல கதைதான். ஆனா நான் ஒரு கேள்வி கேப்பேன். அந்தப் புயக்காத்துல படகைத் தள்ளிக்கிட்டுப் போயி, தோணி மேலயே ஏத்தி, ரெண்டு பேரையும் இழுத்துப் போட்டது யாரு? ஹென்றி பிளாக்குன்னு ஒரு மீன்பிடிக்கிறவரு. உசுர்காப்புப் படகோட தண்டல். அதுக்காக வெள்ளிப் பதக்கம் குடுத்தாக அவருக்கு. அவரு கையைத் தாண்டித்தானடா டாக்டரு சொட்டு அவன் ஒதட்டுக்கு வந்துச்சு? பிளாக்கு பேருல எந்தக் கடையிலயாவது புட்டி விக்கிதா?

இன்னொரு கூத்து கேளு. அந்த அஞ்சுல ஒண்ணு, பொறுமை இல்லாதவனுக்குக் குடுக்கிற இம்பேஷன்ஸ். பாஹ் மொதமொதல்ல, 1928-ல, கண்டுபிடிச்சதுல அதுவும் ஒண்ணு. எந்த ஊருச் செடி தெரியுமா? நம்ம இமயமலைச் செடி. நம்ம வீட்டு முத்தத்துல நிக்கிற காசித்தும்பைக்கு அக்கா தங்கச்சி முறை. காய் முத்துனா தொட்ட மாத்திரத்துல வெடிச்சு வெதையக் கக்கும். காசித்தும்பைக் காயை வெடிக்க வச்சு வெளையாடாத பிள்ளை உண்டா நம்ம தெருவுல? அதை வெள்ளைக்காரன் 1839-ல அழகுக்குன்னு கொண்டுபோயி நட்டான். அது சும்மா இருக்குமா? வெதையப் பல அடி தூரம் வீசி, ஆத்தங்கரை பூராம் பரவி, மத்த செடிய எல்லாம் அமுக்கிருச்சு. இப்ப அந்த ஊர்ல அதைக் காட்டுல வளர விட்டாக் குத்தம். பூக்குற சீசன்ல ஊரு சனம் ஒண்ணு கூடிப் போயி வேரோட பிடுங்கி எறியுது. அவன் பிடுங்கி எறியுற நம்ம செடிய, நீ துட்டுக் குடுத்துப் பிராந்தியில வாங்கிட்டு வந்திருக்க. வேலிக்கருவைய நமக்கு யாரோ கொண்டாந்து விட்ட மாதிரிதான், கணக்கு நேராயிருச்சு.

நீ என்ன சொல்ற? 'தாத்தா, எனக்குக் கேட்டுச்சு. குடிச்ச பெறகு நல்லாத் தூங்குனேன்.' நெசம்தான், நம்புதேன். என் பேரன் பொய் சொல்ல மாட்டான். ஆனா அன்னைக்கு வேற என்ன செஞ்ச, அதைச் சொல்லு. மருந்து குடுத்தவரு ஒன்னைக் கூப்புட்டு ஒக்கார வச்சு ஒரு மணி நேரம் ஒன் கதையக் கேட்டாரு. அப்பன்கிட்ட சொல்லாததை, ஆபீசுல சொல்ல முடியாததை எல்லாம் சொன்ன. அழுத. பெறவு, சாயங்காலம் காப்பி குடிக்காத, போனைத் தூக்கி அடுத்த ரூம்ல வையி, விடியக்காலம் எந்திரிச்சு நடன்னாரு. செஞ்ச. இம்புட்டுக்குப் பெறவு பச்சைத்தண்ணியக் குடிச்சிருந்தாலும் தூக்கம் வரும்டா. தூங்க வச்சது காது. பேரு வாங்குனது பூவு.

எனக்கு ஒரு சோதனை உண்டு. பெரிய விஞ்ஞானம் இல்ல. நம்பாதவனுக்கும் கேக்குதா, அம்புட்டுத்தான். நம்ம சீமையில வெளையிற நிலாவாரை தெரியும்ல, மருந்துக் கடையில சென்னாங்கிறானே, அது. திருநெல்வேலிச் சென்னான்னா ஒலகம் பூராம் மருந்துக்காரனுக்குத் தெரியும். தூத்துக்குடியில கப்பல் ஏறிப் போற எலை. பாஹ் காலத்து லண்டன் மருந்துக்கடையிலயும் இருந்திருக்கு. அந்த எலைய ஒரு கைப்பிடி எடுத்து வெந்நியில ஊற வச்சு, 'இதுல எனக்கு நம்பிக்கையே இல்ல'ன்னு சொல்றவனுக்குக் குடு. குடுத்துட்டு ராத்திரி அவன் கூடப் படுக்காத. வெள்ளனவே சொம்பைத் தூக்கிக்கிட்டு ஓடுவான். நம்புனாலும் போகும், நம்பாட்டியும் போகும். மாட்டுக்குக் குடுத்தாலும் போகும். மாடு எந்தப் புஸ்தகத்தைப் படிச்சு நம்புச்சு?

ஒன் பூத்தண்ணிக்கும் இந்தச் சோதனைய வச்சுப் பாத்திருக்காக, படிச்சவுக. 2001-ல ஜெர்மனியில பரிச்சைக்குப் பயப்படுற ஆளுகளைப் பிடிச்சு, பாதிப் பேருக்கு பாஹ் மருந்து, பாதிப் பேருக்குச் சும்மா தண்ணி. யாருக்கு எதுன்னு குடிக்கிறவனுக்கும் தெரியாது. முடிவு என்ன? ரெண்டு கூட்டத்துக்கும் பயம் கொறைஞ்சிருக்கு. ஒண்ணுபோல. 2010-ல எட்சார்ட் எர்ன்ஸ்ட்னு ஒரு பேராசிரியரு, இந்த மாதிரி ஒழுங்கா நடத்துன ஏழு சோதனையச் சேத்து வச்சுப் பாத்தாரு. சும்மா தண்ணியவிட ஒசத்தின்னு எதுலயும் நிரூபணம் ஆகல. அதுக்காகப் பயம் கொறைஞ்சது பொய்யா? இல்ல. பயம் நெசம்மாவே கொறைஞ்சிருக்கு. தண்ணி குடிச்சவனுக்கும் கொறைஞ்சிருக்கு. அப்ப அந்தச் சங்கதி புட்டிக்கு வெளிய இருக்குன்னுதானடா அர்த்தம்?

உடனே நீ நம்ம ஊருச் செடிக்குத் தாவுவ. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ'ன்னு எனக்கே சொலவடை சொல்லுவ. பேராண்டி, நம்ம காட்டுல ஆவாரை பூத்துக் கெடக்காத வருசம் கெடையாது. அந்த ஆவாரைக்கு நடுவுலதான் சுடுகாட்டுக்குப் பாதை போகுது. ஆவாரைய நான் கும்புடுதேன். போகி அன்னைக்கு ஆவாரம்பூ, கண்ணுப்பீளை, வேப்பிலை மூணையும் கட்டி எறவாணத்துல சொருகாம இந்த வீட்டுல பொங்கல் வந்ததில்ல. வெயில்ல தலையில ஆவாரங்கொழையக் கட்டிக்கிட்டு ஏர் ஓட்டியிருக்கேன், குளுகுளுன்னு இருக்கும். ஆனா சாவு வராதுன்னு எவனுக்கும் நான் ரசீது குடுக்க மாட்டேன்.

காட்டுச் செடிக்கு நெசமான சத்தி எப்படி இருக்கும்னு தெரியணுமா? நித்தியகல்யாணி. சுடுகாட்டுப் பூன்னு வீட்டுல வைக்கக் கூட யோசிப்பாக. ஆடு மாடு வாய் வைக்காது. மழை இல்லாட்டியும் சிரிச்சுக்கிட்டு நிக்கும். ஜமைக்காவுல சர்க்கரை வியாதிக்கு அந்த எலையக் கசாயம் வச்சுக் குடிச்சிருக்காக. 1950-கள்ல கனடாவுல ராபர்ட் நோபிள்னு ஒருத்தரு வாங்கி எலிக்குக் குடுத்துப் பாத்தாரு. சர்க்கரை எறங்கல. ஆனா ரத்தத்துல வெள்ளை அணு சடசடன்னு கொறைஞ்சிருக்கு. விடுவானா ஆராய்ச்சிக்காரன்? தொளைச்சு எடுத்து 1958-ல வின்பிளாஸ்டின்னு ஒரு மருந்தைப் பிரிச்சாக. அடுத்தாப்புல வின்கிரிஸ்டின். பிள்ளைகளுக்கு வர்ற ரத்தப் புத்துநோய்க்கு இன்னைக்கு வரைக்கும் அது முக்கியமான மருந்து. டன் கணக்குல எலைய வடிச்சா கிராம் கணக்குலதான் கெடைக்கும். நம்ம தெக்கத்தி மானாவாரிக் காட்டுலயே அதை வெள்ளாமையா வச்சு, எலையும் வேரும் வித்த சம்சாரிமாருக உண்டு. இதுல நீ கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அந்தச் செடி ஒரு சீக்குக்குன்னு குடிச்சது, வேற சீக்குக்கு மருந்தாப் போச்சு. முன்ன நம்புனது தப்பு, செடி தப்பில்ல. எவனோ ஒருத்தன் நம்பாமச் சோதிச்சதால வந்த மருந்து அது. அந்த மருந்தை ஊசியில ஏத்தறப்ப முடி கொட்டும், நரம்பு மரத்துப் போகும். சத்தி இருந்தா சேதாரமும் இருக்கும்டா. 'இதுல பக்கவெளைவே கெடையாது'ன்னு எவனாவது சொன்னா, வெளைவும் கெடையாதுன்னு நீ முடிவு பண்ணிக்கோ.

கண்வலிப்பூ எடு. நம்ம மாநிலத்துப் பூ, செங்காந்தள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பி கட்டிக் கொடி ஏத்தி வெவசாயமே பண்ணுதாக. வெதையில கொல்சிசின் எடுக்கான், கால் பெருவெரலு வீங்குற வாதத்துக்கு மருந்து. கெழங்கைத் தின்னா உசுருக்கே ஆபத்து. ஊமத்தையும் அப்படித்தான். 'காட்டுச் செடியோட உறவு'ன்னு இனிக்க இனிக்கப் பேசுதீகளே, எங்க ஆளுக உறவை எப்படிப் பழகுனான்னா, எது எது ஆளைக் கொல்லும்னு மொதல்ல பாடம் படிச்சான். பெறவுதான் எது வாழ வைக்கும்ங்கிறது.

நீ மலைக்குப் போன முகாமுக்கு வருவோம். கேக்கக் கேக்க எனக்கு ஆனந்தமா இருந்துச்சு. வெறுங்காலோட போயி, ஒரு செடி முன்னாடி ஒக்காந்து, கண்ணை மூடி, 'நீ எனக்கு என்ன சொல்ல வர்ற'ன்னு கேக்கணும். ஒரு பொழுது பூராம் இதுதான் வேலை. அதுக்குக் கட்டணம், சோறு தனி. நான் வெறுங்காலோட நெருஞ்சி முன்னாடி நின்னுருக்கேன். அது என்ன சொல்லும்ங்கிற? 'காலை எடு' அப்படிங்கும். தெளிவாச் சொல்லும், கண்ணை மூட வேண்டியதில்ல.

செடியோட பேசுறது தப்புன்னு நான் சொல்வேனா? நானே பேசுவேன். கோரைப்புல்லுகிட்டத் தெனம் பேசுதேன். அந்தப் பேச்சை ஒன் முகாம்ல சொன்னா பொம்பளைப் பிள்ளைக எந்திரிச்சுப் போயிரும். தும்பைகிட்ட நல்ல விதமாப் பேசுவேன். ஏன்னா அது ஒரு தொந்தரவும் குடுக்காது, பட்டாம்பூச்சிய வரவழைக்கும். ஒங்க அப்பத்தா முடக்கத்தானைப் பறிக்கையில 'நாளைக்கு வாரேன், தழைச்சு நில்லு'ன்னு சொல்லிட்டுத்தான் வருவா. அதை அரைச்சு மாவோட கலந்து தோசை சுட்டுப் போடுவா. மூட்டு வலி போச்சான்னு கேட்டா, 'வலி கெடக்கட்டும், தோசை நல்லா இருக்கா, சொல்லு'ம்பா.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. லார்ச்சு, கோர்ஸ், ராக் ரோஸுன்னு ஒரு 38 பேரு மனப்பாடமாச் சொல்லுத. ஒண்ணையாவது கண்ணால பாத்திருக்கியா? மோந்து பாத்திருக்கியா? பஸ்ஸை விட்டு எறங்கி வீடு வர்ற வழியில ஓடை ஓரமா என்னென்ன பூத்துக் கெடக்குன்னு கேட்டா முழிக்க. எருக்கு தெரியும், பிள்ளையாருக்கு மாலை போடுறதால. மத்தது எல்லாம் ஒனக்குப் 'புதர்'. குப்பைமேனியக் காட்டுனா, 'இது என்ன தாத்தா, கீரையா'ங்கிற. பூனைக்குக்கூட அது தெரியும்டா. குப்பைமேனி வேரைப் பிடுங்கிப் போட்டா எங்க இருந்தாலும் வந்து பொரண்டு ஆடும். நீ அந்தச் சீமை டாக்டரு மாதிரி ஆகணும்னா அவரு புட்டிய வாங்கிப் பிரயோசனம் இல்ல. அவரு செஞ்சதைச் செய்யி. நாள் கணக்கா வெயில்ல நடந்தாரு, ஒவ்வொரு செடியா நின்னு பாத்தாரு. அவருக்குக் கெடைச்ச சொகம் கிண்ணத்துல எறங்குச்சோ என்னமோ, கால்ல எறங்கியிருக்கும்.

வெளையாட்டுப் பேச்சு போதும். துட்டுப் போனா போகட்டும்னு நீ சொட்டுப் போட்டுக்கோ. பரிச்சைப் பயம், பொண்ணு பாக்கப் போற பயம், திங்கக்கெழமை அலுப்பு, இதுக்கெல்லாம் எவன் என்ன குடிச்சா எனக்கென்ன? மனசு நெசம்மாவே சாவுற அளவுக்கு இருட்டிப் போனா மட்டும் புட்டியத் தேடாம டாக்டரைத் தேடு, இல்ல என்கிட்ட ஓடி வா, நானே கூட்டிட்டுப் போறேன்.

ஆனா நேத்து சோறு திங்கையில ஒரு பேச்சு விட்டியே. பட்டணத்துல இருக்கிற ஒங்க சித்தி, ஒன் பேச்சைக் கேட்டு, அந்த முகாமுக்கு வந்த யாரோ ஒரு புண்ணியவான் பேச்சையும் கேட்டு, சர்க்கரை மாத்திரைய நிறுத்திட்டு ஓக், ஆலிவ்னு பூத்தண்ணி போட்டுக்கிட்டு இருக்கான்னு. அப்பவே எனக்குச் சோறு எறங்கல. அவ அம்மா, அதான் என் சம்பந்தியம்மா, கால்ல ஒரு சின்னக் கொப்புளம் வந்து, ஆறாம, மொழங்காலுக்குக் கீழ எடுத்தாக. சர்க்கரை, மனசைப் பாத்து ஏறுறது கொஞ்சம் இருக்கலாம். மாத்திரை இல்லாட்டி ஏறுறது நிச்சயம். பூவுத் தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த பாஹே தனக்குக் கட்டி வந்தப்ப கத்தி வச்சு அறுத்துத்தான் பொழைச்சாரு, கிண்ணத்துல பூவை மெதக்க விட்டு இல்ல.

போனை எடு. 'சித்தி, தாத்தா சொல்றாரு, இன்னைக்கே மாத்திரையப் போடு, நாளைக்குக் காலையில வெறும் வயித்துல போயி ரத்தம் குடுத்துச் சோதிச்சுட்டு டாக்டரைப் பாரு'ன்னு சொல்லு. மருந்து வேண்டாம்னு சொன்னவன் பேரைக் கேட்டு வையி, அவன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். ஸ்பீக்கர்ல போடுடா, அவ என்ன சொல்றான்னு எனக்கும் கேக்கணும்.